மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதா? இதய வால்வு நோய் பற்றி திருப்பூர் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கட்டிங் கீழே, பவர் டேபிள் மேலே. திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளின் அமைப்பு இதுதான். பீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால், "ரத்தம் கம்மியா இருக்கும்", "பஞ்சு தூசி ஒத்துக்கல", "ஒன்றரை ஷிப்ட் ஓட்டினா அப்படித்தான் இருக்கும்" என்று காரணம் சொல்ல பக்கத்திலேயே நாலு பேர் இருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் தப்பும் இருக்காது.

ஆனால் சிலருக்குக் காரணம் இதயத்துக்குள் இருக்கிறது. சின்ன வயதில் வந்துபோன ஒரு தொண்டை வலி, பத்து இருபது வருஷம் கழித்து மூச்சு வாங்கலாகத் திரும்பி வருகிறது. அதுதான் இதய வால்வு நோய். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலூன் சிகிச்சையிலேயே சரிசெய்ய வாய்ப்புள்ள நோய் இது. தள்ளிப்போட்டால் ஆபரேஷன் வரைக்கும், சில நேரம் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

வால்வு என்ன வேலை செய்கிறது?

கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீரை மேலே போக விடும், திரும்பிக் கீழே இறங்க விடாது. ஃபுட் வால்வு லீக் ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி நிறையாது.

இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். மைட்ரல், அயோர்டிக், டிரைகஸ்பிட், பல்மனரி என்று பெயர். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் இந்த மெல்லிய இதழ்கள் திறந்து மூட வேண்டும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கும்போது கேட்கும் 'லப்-டப்' சத்தம் வால்வுகள் மூடுகிற சத்தம்தான்.

கோளாறு இரண்டு விதமாக வரும். ஒன்று சுருக்கம். இதழ்கள் தடித்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, வழி குறுகிப்போகும். மைட்ரல் வால்வு முழுதாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். அது 1.5 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் கடுமையான சுருக்கம். இன்னொன்று கசிவு. வால்வு சரியாக மூடாமல், முன்னால் போன ரத்தம் பின்னால் திரும்பும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

எதுவாக இருந்தாலும் இதயம் உடனே தோற்றுப்போவதில்லை. கூடுதலாக வேலை செய்து சமாளிக்கும், வருஷக்கணக்கில் சமாளிக்கும். அந்தக் காலத்தில் ஒரு அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இந்த நோயில் பெரிய சிக்கல்.

அடைப்பும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் வரும் அடைப்பு. வால்வு நோய், இதயத்துக்குள் இருக்கும் கதவில் வரும் கோளாறு. "ஆஞ்சியோ பார்த்தாச்சு, அடைப்பு எதுவும் இல்லைன்னுட்டாங்க" என்பதால் வால்வும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இசிஜி நார்மல் என்பதும் அப்படித்தான். இசிஜி இதயத்தின் மின் ஓட்டத்தைக் காட்டும். கதவு சரியாக மூடுகிறதா என்பதை நேரடியாகக் காட்டாது.

வால்வைப் பார்க்க எக்கோ வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் மாதிரிதான், நெஞ்சின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. சுமார் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்த வால்வு, சுருக்கமா கசிவா, எவ்வளவு கடுமை, இதயத்தின் பம்பிங் எப்படி என்று எல்லாமே அதில் தெரியும்.

தொண்டை வலிக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தியாவில் இளம் வயதினருக்கு வால்வு கெட முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். தொடக்கம் சாதாரணத் தொண்டைப் புண். ஆனால் அதற்குக் காரணம் 'குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். தொண்டை சரியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து காய்ச்சல் வரும், முழங்கால், கணுக்கால், முழங்கை என்று பெரிய மூட்டுகளில் வலியும் வீக்கமும் வரும். ஒரு மூட்டில் குறைந்து இன்னொன்றுக்குத் தாவும். வீட்டில் "வளர்ற வலி" என்று தைலம் தேய்த்து விடுவார்கள். அதுவும் சில வாரத்தில் தானாகப் போய்விடும்.

அந்த பாக்டீரியாவை எதிர்க்க உடல் தயாரித்த எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த இதய வால்வையே தாக்குகிறது. மூட்டு முழுதாகத் தேறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு தேறாது. இன்னொரு முறை அதே தொண்டைத் தொற்று வந்தால் இன்னொரு தழும்பு. இப்படியே தடித்துத் தடித்து, இருபது முப்பது வயதில் அறிகுறி வெளியே வரும்.

எல்லாத் தொண்டை வலிக்கும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான், அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. சளி இருமல் இல்லாமல் திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, தொண்டையில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெறிகட்டு என்று வந்தால் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும். தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தாலே ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். பென்சிலின் மாத்திரை என்றால் 10 நாள் முழுதாகச் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

ஏ.எஸ்.ஓ டெஸ்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூட்டு வலி என்று போனால் பல இடங்களில் இந்த ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். அது பாசிட்டிவ் என்றால் அண்மையில் அந்தக் கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறது என்பது மட்டும்தான் அர்த்தம். அதை மட்டும் வைத்து ருமாட்டிக் காய்ச்சல் என்றோ, இதயம் கெட்டுவிட்டது என்றோ முடிவு செய்ய முடியாது.

பனியன் வேலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. பஞ்சு தூசியாலோ, நின்றுகொண்டே கைமடிப்பதாலோ, சாயப்பட்டறை வாடையாலோ வால்வு கெடுவதில்லை. தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது: நெருக்கமாக வாழ்வதில்.

இந்த பாக்டீரியா இருமலிலும் பேச்சிலும் தெறிக்கும் துளிகள் வழியாகப் பரவுகிறது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடு, காற்று வராத தகர ஷெட், வரிசையாக ஒட்டிக்கட்டிய லைன் வீடு ஆகியவை அதற்கு வசதியான இடங்கள். மேற்கத்திய நாடுகளில் ருமாட்டிக் காய்ச்சல் குறைந்ததற்கு பென்சிலின் மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே, வீடுகள் விசாலமானபோதே குறையத் தொடங்கிவிட்டது. ஏழ்மையின் நோய் என்று மருத்துவப் புத்தகங்களே சொல்லும் நோய் இது. இதனால் பாதிக்கப்பட்டவர்கள் உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல். 2018-ல் உலக சுகாதார மாநாடு இதற்கென்றே தனித் தீர்மானம் போட்டது.

பின்னலாடைத் தொழிலில் வேலை செய்பவர்களில் பெரும் பகுதி இளைஞர்கள். தென் மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமில் இருந்து வந்தவர்கள். பிள்ளையாக இருந்தபோது ஊரில் வந்த காய்ச்சலின் விளைவு, இங்கே ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்காரும் வயதில் தெரிய வருகிறது. இந்தியப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய நாடுகளை விட மிகச் சிறிய வயதிலேயே மைட்ரல் வால்வு சுருங்கிவிடுகிறது என்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் சுஜோய் ராயும் குழுவினரும் 1963-லேயே 'லான்செட்' இதழில் எழுதினார்கள். இருபது வயதுக்குள்ளேயே சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்குப் போய்விடும்.

மூச்சு வாங்கலில் வித்தியாசம் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு தூசியால் வரும் 'பிசினோசிஸ்' நோய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம் அதிகமாக இருக்கும், அடுத்தடுத்த நாட்களில் குறையும். ரத்தசோகை என்றால் சோர்வு, வெளிறிய கண் இமை, தலைசுற்றல் முன்னால் நிற்கும்.

வால்வு நோயில் மூச்சு வாங்கல் உழைப்பைப் பொறுத்து வரும். போன வருஷம் மூன்று மாடி ஏறியவர் இந்த வருஷம் ஒரு மாடியில் நிற்பார். மல்லாந்து படுத்தால் மூச்சு திணறும், தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கிப் படுக்க வேண்டி வரும். நடு ராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்வார்கள். படபடப்பு, சாயங்காலம் கால் வீக்கம், சில நேரம் சளியில் ரத்தம். 'வீசிங்' என்று நெபுலைசர் வைத்து அனுப்பப்பட்டவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருப்பார்கள். படுத்தால் மூச்சு திணறல் அதிகமாகிறது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி போதும், அவர் ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் மேல் கொஞ்சம் அதிக நேரம் வைத்துக் கேட்பார்.

ரத்தசோகையும் வால்வு நோயும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூச்சு வாங்கினால், அடுத்தது எக்கோதான்.

கர்ப்பிணிகளுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயத் துடிப்பும் வேகமாகும். சுருங்கிய வால்வு வழியாக அவ்வளவு ரத்தமும் போக முடியாமல் நுரையீரலில் நீர் தேங்கும். அதுவரை எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருந்த பெண்ணுக்கு ஐந்தாம் ஆறாம் மாதத்தில் திடீரென்று மூச்சு திணறுவது இதனால்தான். "மாசமா இருக்கிறப்ப மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று விடுவது பல பெண்களின் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது.

சின்ன வயதில் மூட்டு வலிக் காய்ச்சல் வந்தவர்கள், "இதயத்துல சத்தம் இருக்கு" என்று எப்போதாவது சொல்லப்பட்டவர்கள், கர்ப்பத்துக்கு முன்பே ஒரு எக்கோ எடுத்துவிடுவது நல்லது. கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று பெண்ணின் வால்வுப் பிரச்சினையை மறைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த ரகசியம் பிரசவ வார்டில்தான் உடையும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாவிட்டாலும் பிரசவம் பார்க்கும் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

வயதானவர்களுக்கு வருவது வேறு

அறுபது எழுபது வயதுக்கு மேல் வருவது பெரும்பாலும் அயோர்டிக் வால்வில் சுண்ணாம்பு படிவதால். நூறு பேரில் ஒருவருக்குப் பிறவியிலேயே இந்த வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இருக்கும். அவர்களுக்கு இது இன்னும் முன்னாலேயே வரலாம். நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சு திணறல், மயங்கி விழுதல் மூன்றும் இதன் அடையாளங்கள். கடுமையான சுருக்கத்தில் இந்த அறிகுறிகள் வந்த பிறகும் வால்வை மாற்றாமல் விட்டால், சராசரியாக இரண்டு மூன்று வருஷம்தான் என்பது பல காலமாகத் தெரிந்த உண்மை. வயசாயிடுச்சு என்று விட்டுவிடும் விஷயமில்லை.

21 நாளுக்கு ஒரு ஊசி

ருமாட்டிக் காய்ச்சல் ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க பென்சாதின் பென்சிலின் ஊசி போடுவார்கள். 'பெனிடியூர்' என்ற பெயரில் பலருக்குத் தெரியும். இந்தியாவில் வழக்கமாக 21 நாளுக்கு ஒரு முறை. வால்வு பாதிக்கப்படாதவர்களுக்கு குறைந்தது 5 வருஷம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அதுவரை. வால்வில் நிரந்தரப் பாதிப்பு இருந்தால் 10 வருஷம் அல்லது 40 வயது வரை, சிலருக்கு அதற்கும் மேல்.

இடுப்பில் போடும் ஊசி, நன்றாக வலிக்கும். மருந்து பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். ஒவ்வாமை பயத்தால் சிறிய கிளினிக்குகள் போடத் தயங்குவதும் உண்டு. அவசர சிகிச்சை வசதியுள்ள அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்வது பாதுகாப்பு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அப்புறம் எதற்கு ஊசி என்று பாதியில் நிறுத்துவதுதான் இங்கே நடக்கும் பெரிய இழப்பு. உடம்பு நன்றாக இருப்பதே அந்த ஊசியால்தான். வேலை மாறி, ஊர் மாறிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது முதலில் விட்டுப்போகிறது.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் ஆர்.பி.எஸ்.கே மருத்துவக் குழு பார்க்கும் குறைபாடுகளில் ருமாட்டிக் இதய நோயும் ஒன்று. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இந்தத் திட்டத்தில் வருவார்கள். குழு வரும் நாளில் பிள்ளை லீவு போடாமல் இருந்தால் போதும்.

பலூன், ரிப்பேர், மாற்று வால்வு

மாத்திரைகள் வால்வைச் சரிசெய்யாது. நுரையீரலில் தேங்கும் நீரைக் குறைக்கும், துடிப்பைக் கட்டுப்படுத்தும், ரத்தக்கட்டைத் தடுக்கும், அவ்வளவுதான்.

இதழ்கள் ஒட்டிக்கொண்ட மைட்ரல் சுருக்கத்துக்கு, வால்வின் நிலை ஒத்துவந்தால், நெஞ்சைத் திறக்காமலே சிகிச்சை உண்டு. தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை இதயத்துக்குள் கொண்டுபோய், வால்வு நடுவில் வைத்து ஊதி, ஒட்டிய இதழ்களைப் பிரிப்பார்கள். ஜப்பானின் கான்ஜி இனோவே 1980களில் உருவாக்கிய முறை இது. தழும்பு தெரியாது, சில நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் வால்வில் சுண்ணாம்பு படிந்துவிட்டாலோ, கசிவு அதிகமாக இருந்தாலோ இது முடியாது. சீக்கிரம் வர வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

அதற்கு முந்தைய காலத்தில் அறுவை மருத்துவர் இதயத்துக்குள் விரலை விட்டே வால்வைப் பிரித்தார். தமிழ்நாட்டில் வேலூர் சிஎம்சி மருத்துவமனைதான் இந்தத் துறைக்கு வழிகாட்டி. 1949-ல் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் அங்கே நெஞ்சு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சை 1961-ல் அங்கே நடந்தது.

கசிவு இருந்தால், முடிந்தவரை சொந்த வால்வையே தைத்து ரிப்பேர் செய்யப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் மாற்று வால்வு. அதில் இரண்டு வகை: உலோக வால்வு, மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வு. உலோகம் பல ஆண்டு உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். திசு வால்வுக்கு அந்த மாத்திரை பெரும்பாலும் சில மாதம்தான், ஆனால் 10, 15 வருஷத்தில் தேய்ந்துவிடும், இளம் வயதில் இன்னும் வேகமாகத் தேயும். பொதுவாக 50 வயதுக்குக் கீழே உலோகம், 65-க்கு மேல் திசு. குழந்தை பெற விரும்பும் பெண்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறலாம், அதற்குக் காரணம் கீழே.

வால்வு வளையத்தில் இருக்கும் துணி

உலகின் முதல் வெற்றிகரமான செயற்கை மைட்ரல் வால்வை 1960-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் பொருத்தினார். அதை வடிவமைத்த லோவெல் எட்வர்ட்ஸ் ஒரு இன்ஜினியர். கூண்டுக்குள் ஒரு பந்து மேலும் கீழும் போய் வரும், அவ்வளவுதான் அமைப்பு. அதன் பிறகு பல பத்து வருஷம் இந்தியாவுக்கு வால்வு என்றால் இறக்குமதிதான். ஏழை நோயாளிக்கு எட்டாத விலை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழு இதற்கு உள்நாட்டிலேயே ஒரு வால்வு செய்ய இறங்கியது. முதல் மூன்று மாடல்களும் தோற்றன. ஒன்றில் உலோகம் தேய்ந்தது, இன்னொன்றில் வெல்டிங் விட்டுப்போனது. நான்காவது மாடல் ஜெயித்தது. கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகக் கூடு, அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் ஒரு பாலிஎத்திலீன் வட்டு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டிடிகே நிறுவனம் தயாரிக்க, 'டிடிகே சித்ரா' வால்வு என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. உலோகத்தை இதயத் தசையில் நேரடியாகத் தைக்க முடியாது. அதனால் வால்வைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும், அந்தத் துணி பாலியெஸ்டர். உடல் திசு மெல்ல மெல்ல அந்தத் துணிக்குள் வளர்ந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டரை உடம்புக்குள் வைக்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி. 1950களில் துணிக்கடைக்கு நைலான் வாங்கப் போனார், ஸ்டாக் தீர்ந்துவிட்டது. கடையில் இருந்த டேக்ரான் என்ற புதுத் துணியை வாங்கி வந்து, மனைவியின் தையல் மெஷினில் தானே குழாயாகத் தைத்து ரத்தக்குழாய் செய்தார். பிறகு பிலடெல்பியா டெக்ஸ்டைல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் உதவியோடு தையலே இல்லாமல் குழாயாகப் பின்னும் நிட்டிங் மெஷின் உருவாக்கினார். பனியன் துணி குழாயாகவே இறங்குவதைத் தினமும் பார்க்கும் ஊருக்கு இது புரியாத விஷயமில்லை.

நெஞ்சைத் திறக்காமல் அயோர்டிக் வால்வை மாற்றும் 'டாவி' முறையை 2002-ல் பிரான்சின் அலைன் கிரிபியே முதன்முதலில் செய்தார். இந்தியாவிலும் குஜராத்தின் வாப்பியில் இதற்கான வால்வு தயாராகிறது. முதியவர்களுக்கு நல்ல வாய்ப்பு, ஆனால் செலவு இன்னும் பல லட்சத்தில்தான்.

உலோக வால்வு வைத்தவர்கள் வேலைக்குப் போகலாமா?

போகலாம். ஆபரேஷன் முடிந்து நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை மூட்டை தூக்கக் கூடாது. பிறகு டெய்லரிங், செக்கிங், பேக்கிங் போன்ற வேலைகளுக்கு, டாக்டர் பார்த்துச் சொன்னால், தடையில்லை. அமைதியான ராத்திரியில் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' என்று கேட்கும், பயப்பட வேண்டாம்.

கவனம் வேண்டியது மாத்திரையில். அசிட்ரோம் அல்லது வார்ஃபரின், தினமும் ஒரே நேரத்தில். நைட் ஷிப்ட் மாறினாலும் நேரம் மாறக் கூடாது. ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு மைட்ரல் உலோக வால்வுக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும், அயோர்டிக் வால்வுக்குக் கொஞ்சம் குறைவு. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி வால்வே சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி மூளைக்குப் போய் பக்கவாதம் வரும். கூடினால் ரத்தக்கசிவு.

கீரையே சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் அதற்கேற்ப டோஸை டாக்டர் வைத்துவிடுவார். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு மறு மாதம் தினமும் முருங்கைக்கீரை என்றால்தான் சிக்கல். கீரையை விட ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை. இடுப்பு வலி, தோள் வலி என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போட்டால் வயிற்றில் ரத்தம் கசியலாம். நாட்டு மருந்தாக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான்.

வார்ஃபரின் வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கும், முக்கியமாக முதல் மூன்று மாதத்தில். நாள் தள்ளிப்போனால் தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, பேசாமல் தொடரவும் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்களுக்கு வால்வு வகை தேர்வு மாறுவது இதற்காகத்தான்.

பல் பிடுங்கும்போதும் சொல்ல வேண்டும். வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து செயற்கை வால்வில் உட்கார்ந்தால் 'எண்டோகார்டைட்டிஸ்' என்ற கடும் தொற்று வரும். அதற்கு முன்கூட்டியே ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வால்வு வைத்தவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், ரத்தக் கல்ச்சர் எடுக்கும் முன் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடக் கூடாது. கிருமியைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும்.

செலவுக்கு என்ன வழி?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் இருந்தால் இஎஸ்ஐ-யில் வர வேண்டும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: நோய்க்கால உதவித்தொகை 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். அது முடிந்த பிறகும், 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதச் சம்பளம் கிடைக்க வழி இருக்கிறது, அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை. சிக்கல் ஏற்பட்ட வால்வு நோய் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து இஎஸ்ஐ-யில் இருந்து, குறிப்பிட்ட நாட்களுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் புது இஎஸ்ஐ எண் வாங்கியவர்களுக்கு இங்கேதான் அடிபடும். பழைய எண்ணையே கொடுக்க வேண்டும்.

ஜாப் ஒர்க் யூனிட், கான்ட்ராக்ட், பீஸ் ரேட் என்று இஎஸ்ஐ இல்லாமல் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பலூன் சிகிச்சை, வால்வு மாற்று ஆபரேஷன் போன்றவையும் இதில் செய்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் உரிய சான்றோடு சேரலாம். கட்டணமில்லா எண் 1800 425 3993.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆபரேஷன் என்றால் பக்கத்தில் கோவை அரசு மருத்துவமனை. எங்கே போனாலும் பழைய எக்கோ ரிப்போர்ட் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. போன வருஷத்துக்கு இந்த வருஷம் வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எப்போது பலூன், எப்போது ஆபரேஷன் என்று முடிவு செய்வார்கள். தீபாவளி, பொங்கல், சாத் பூஜைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அந்த ரிப்போர்ட்டையும், ஐஎன்ஆர் நோட்டையும், கடைசியாக ஊசி போட்ட தேதியையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ரயிலில் பை தொலைந்தாலும் அது இருக்கும்.